ஒரு நாளைக்கு ஒரே ஒரு செய்தி: 'தி டெய்லி' கேட்கிறவர்கள் வாருங்கள்

கேள்வி, 7 நவம்பர் 2024

நியூயார்க் டைம்ஸின் 'தி டெய்லி' பாட்காஸ்ட்டை ஆளாளுக்குப் புகழ்கிறீர்களே என்று பத்து நாள் விடாமல் கேட்டேன். ஒரு நாளைக்கு ஒரே ஒரு விஷயம். அதையும் அரை மணி நேரம் சவ்வு மாதிரி இழுக்கிறார்கள். அதே அரை மணியில் பிபிசியின் குளோபல் நியூஸ் பாட்காஸ்ட் உலகத்தை ஒரு சுற்று சுற்றிக் காட்டிவிடுகிறது. போதாக்குறைக்கு தொகுப்பாளர் மைக்கேல் பார்பாரோ வரிக்கு வரி 'ம்ம்' போட்டே உயிரை வாங்குகிறார். இது செய்தியா, கதாகாலட்சேபமா? கேட்கிறவர்கள் யாராவது விளக்குங்கள்.

பதில், 8 நவம்பர் 2024, அதிகாலை 3.20

இப்போதுதான் ஷிஃப்ட் முடிந்து வந்தேன், தூக்கம் வரவில்லை, அதனால் எழுதுகிறேன்.

2017 மார்ச்சிலிருந்து கேட்கிறேன். நிகழ்ச்சி தொடங்கியதே அந்த வருடம் பிப்ரவரி 1. அதனால் என்னை ஆரம்பகால ரசிகர் என்றே வைத்துக்கொள்ளலாம். ஆனால் நான் கேட்க ஆரம்பித்ததற்குக் காரணம் அமெரிக்க அரசியல் ஆர்வம் எல்லாம் இல்லை. சென்னை ஓஎம்ஆரில் (பழைய மகாபலிபுரம் சாலை) மெடிக்கல் கோடிங் வேலை, அதாவது அமெரிக்க நோயாளிகளின் சார்ட்டைப் படித்து நோய்க்கு எண் போடுவது. தளத்துக்குள் போன் கொண்டுபோகக் கூடாது, லாக்கரில் வைத்துப் பூட்டிவிட வேண்டும். ஒன்பது மணி நேரம் வெளியுலகம் கிடையாது. எனக்குக் கிடைப்பது கேப் பயணம் மட்டும்தான். மேடவாக்கத்திலிருந்து சிறுசேரி, போக்குவரத்தைப் பொறுத்து நாற்பது நிமிடம்.

நியூயார்க்கில் காலை ஆறு மணிக்கு எபிசோட் வந்திருக்கும். நமக்கு அது கோடையில் மாலை 3.30, குளிர்காலத்தில் 4.30. அமெரிக்காவில் கடிகாரத்தைத் திருப்பினால் இங்கே எங்கள் ஷிஃப்ட்டும் ஒரு மணி நேரம் தள்ளிப் போகும், கேப்பும் தள்ளி வரும். ஆக, வருடம் முழுக்க நான் கேப்பில் ஏறும்போது எபிசோட் சூடாக இருக்கும். அங்கே ஒருவர் காபியோடு கேட்பதை நான் மாலை வெயிலில் சோழிங்கநல்லூர் சிக்னலில் கேட்கிறேன்.

உங்கள் கேள்விக்கு இன்னும் பதில் சொல்லவில்லை. நாளை.

9 நவம்பர் 2024, மதியம் 1.10

அந்த 'ம்ம்' பற்றி.

எனக்கு ஊர் வள்ளியூர் பக்கம். சுடலைமாடன் கோயில் கொடை விழாவில் வில்லுப்பாட்டு கேட்டு வளர்ந்தவன். வில்லடிக்கும் புலவர் ஒரு வரி சொல்வார். பக்கத்தில் இருப்பவர் "ஆமா" என்பார். புலவர் அடுத்த வரி சொல்வார். "ஆமா, அப்படியா?" என்பார் இவர். அந்த ஆமா போடுகிறவர் இல்லாவிட்டால் வில்லுப்பாட்டு படுத்துவிடும். கூட்டத்தில் இருக்கிற ஐந்நூறு பேருக்காகவும் அவர் ஒருவர் ஆச்சரியப்படுகிறார், சந்தேகப்படுகிறார், சில நேரம் கிண்டலும் பண்ணுவார்.

'தி டெய்லி'யும் அதே வேலைதான். நிருபர்தான் புலவர், பார்பாரோ ஆமா போடுகிறவர். வெள்ளை மாளிகைச் செய்தியாளரோ உச்ச நீதிமன்றச் செய்தியாளரோ வந்து உட்கார்ந்து நடந்ததைச் சொல்கிறார். இவர் "ம்ம்" என்கிறார். "அதாவது நீங்கள் சொல்வது..." என்று ஒரு முறை திருப்பிச் சொல்கிறார். அந்த இடைவெளியில் நமக்குப் புரிந்துவிடுகிறது. எங்கள் ஆச்சியும் கதை சொல்லும்போது உம் கொட்டச் சொல்வாள். உம் நின்றால் கதையும் நின்றுவிடும், தூங்கிவிட்டோம் என்று அர்த்தம்.

அதனால் கதாகாலட்சேபம் என்று நீங்கள் சொன்னது திட்டு இல்லை. கொஞ்சம் தெற்கே தள்ளிப் போயிருந்தால் சரியாகவே சொல்லியிருப்பீர்கள்.

9 நவம்பர் 2024, மாலை 6.45

"ஆமா போடுகிறவர் என்று ஏன் நீட்டி முழக்குகிறீர்கள், ஜால்ரா என்று ஒரே வார்த்தையில் சொல்லலாமே" என்று கோவை நண்பர் எழுதியிருக்கிறார். வில்லுப்பாட்டில் ஜால்ராவும் உண்டுதான் அண்ணா, அதை வாசிப்பவர் வேறு. ஆனால் நீங்கள் சொன்னது சுருக்கென்று தைத்தது. இந்த ஜால்ரா பேச்சுக்கு அப்புறம் வருகிறேன்.

10 நவம்பர் 2024, ஞாயிறு, காலை 11.00

ஒரே விஷயத்தை அரை மணி நேரம் எதற்கு என்று கேட்டீர்கள். எனக்கு நடந்ததைச் சொல்கிறேன்.

நான் கேட்க ஆரம்பித்த முதல் மாதத்தில் ஒரு எபிசோட். கென்டக்கியில் ஒரு நிலக்கரிச் சுரங்கத் தொழிலாளி, வேலையை விட்டவர், நுரையீரல் கெட்டுப்போனவர். டிரம்ப் பதவிக்கு வந்து ஒபாமா காலத்துச் சுற்றுச்சூழல் விதிகளைப் புரட்டிப்போட ஆரம்பித்திருந்த நேரம். பார்பாரோ நியூயார்க்கிலிருந்து போனில் பேசுகிறார்.

எங்கள் தொழிலில் அந்த நோய்க்குப் பெயர் கிடையாது, எண்தான். ஜே60. நிலக்கரித் தூசியால் வரும் நுரையீரல் நோய். நோய்களுக்கு எண் கொடுக்கும் பட்டியலான ஐசிடி-10 அமெரிக்காவில் 2015 அக்டோபரில் நடைமுறைக்கு வந்தது. அதற்கு முன் ஐசிடி-9இல் அதே நோய் 500. கென்டக்கி, மேற்கு வர்ஜீனியா பக்கத்து மருத்துவமனைகளின் சார்ட் வந்தால் ஜே60 வரும். பக்கம் பக்கமாக வந்திருக்கிறது. எக்ஸ்ரே அறிக்கையைப் பார்ப்போம், டாக்டர் எழுதியிருப்பதைப் பார்ப்போம், எண்ணைப் போடுவோம், அடுத்த சார்ட். ஒரு மணி நேரத்துக்கு இத்தனை சார்ட் என்று கணக்கு இருக்கிறது.

அன்றைக்குத்தான் ஒரு ஜே60 பேசிக் கேட்டேன். சுரங்கத்தின் மேல் அந்த மனிதருக்குக் கோபமே இல்லை, பாசம் இருந்தது. பேச்சு ஒரு கட்டத்துக்கு மேல் போனபோது உடைந்தது தொழிலாளியின் குரல் இல்லை, பார்பாரோவின் குரல். கேப் அப்போது நாவலூர் தாண்டிக்கொண்டிருந்தது. அன்று இரவு என் வரிசையில் ஜே60 ஒன்றும் வரவில்லை. வந்திருந்தாலும் எண்ணைப் போட்டுவிட்டு அடுத்ததற்குப் போயிருப்பேன், வேறென்ன செய்வது. ஆனால் முப்பது செய்திகளில் ஒன்றாக, "நிலக்கரி விதிகளைத் தளர்த்த அதிபர் உத்தரவு" என்று இருபது விநாடியில் கேட்டிருந்தால் ஜே60 எனக்கு இன்னும் எண்ணாகவே இருந்திருக்கும்.

12 நவம்பர் 2024, அதிகாலை 3.40

அந்த எபிசோடுக்கு இணைப்பு கேட்டவர்களுக்கு: தேடினேன், பூட்டியிருக்கிறது. போன மாதத்திலிருந்து ஸ்பாட்டிஃபை, ஆப்பிள் இரண்டிலும் கடைசி மூன்று எபிசோட்கள்தான் இலவசம். பழையது வேண்டுமென்றால் சந்தா கட்ட வேண்டும். ஏழு வருடச் சரக்கு உள்ளே போய்விட்டது.

என் மனைவிக்கு இது நியாயமாகப் படுகிறது. "மூணு நாள் பழைய குழம்புக்கு மேல யாரு ஃபிரிட்ஜ்ல வச்சுத் தர்றாங்க?" என்கிறாள். நிருபர்களுக்குச் சம்பளம் தர வேண்டும், சரிதான். ஆனால் தினச்செய்தி நிகழ்ச்சியின் பழைய எபிசோடில் ஒரு தனி ருசி உண்டு. அன்றைக்கு என்ன தெரியாமல் இருந்தது என்று இன்றைக்குக் கேட்பது. அது போய்விட்டது. எனக்குக் கட்ட மனசு வரவில்லை. பார்ப்போம்.

15 நவம்பர் 2024, மதியம் 12.30

நேற்று எழுத நினைத்தது. 2020 பிப்ரவரி 27 எபிசோடை இங்கே எத்தனை பேர் கேட்டீர்கள்?

டொனால்ட் மெக்நீல் என்ற அறிவியல் செய்தியாளர் வந்தார். தொற்றுநோய்கள் பற்றிப் பல ஆண்டுகள் எழுதியவர். கொரோனா உலகம் முழுக்கப் பரவப் போகிறது, 1918 ஃப்ளூ மாதிரி ஆகலாம், வீட்டில் பொருள் வாங்கி வையுங்கள் என்கிற தொனியில் பேசினார். அன்றைக்கு அமெரிக்காவில் நோயாளிகள் விரல்விட்டு எண்ணும் அளவுதான். பார்பாரோவின் 'ம்ம்' அன்றைக்கு மட்டும் மாறியிருந்தது. ஆமா போடுகிறவருக்கே தொண்டை அடைத்த மாதிரி.

நான் கேப்பிலிருந்து இறங்கி டீம் லீடிடம் சொன்னேன். "பாட்காஸ்ட் கேட்டுட்டு வந்து பீதி கிளப்பாதீங்க" என்றார். அப்புறம் மார்ச் 22 மக்கள் ஊரடங்கு, 25 முதல் முழு ஊரடங்கு. கம்பெனி டெம்போவில் ஒவ்வொருவர் வீட்டுக்கும் சிபியு வந்து இறங்கியது. ஏப்ரல் 1 முதல் கொரோனாவுக்குப் புதிய எண் போடச் சொல்லி அமெரிக்காவிலிருந்து உத்தரவு: யு07.1. வேளச்சேரியிலும் மேடவாக்கத்திலும் சாப்பாட்டு மேஜையில் உட்கார்ந்து அந்த எண்ணை எத்தனை ஆயிரம் முறை அடித்திருப்போம் என்று கணக்கில்லை. ஒவ்வொரு முறை அடிக்கும்போதும் மெக்நீல் குரல் ஞாபகம் வரும்.

அந்த ஒரு எபிசோடுக்காகவே பல வருடம் இந்த நிகழ்ச்சிக்கு விசுவாசமாக இருந்தேன் என்று இப்போது தோன்றுகிறது. விசுவாசம் என்ற சொல்லைத் தெரிந்தேதான் எழுதினேன்.

18 நவம்பர் 2024, அதிகாலை 4.05

திருத்தம். "வீட்டில் பொருள் வாங்கி வையுங்கள்" என்று அவர் உத்தரவு போட்ட மாதிரி எழுதிவிட்டேன். அது நான் கேட்ட விதம். கேட்டதும் நாவலூரில் இறங்கி பத்து கிலோ அரிசி வாங்கியது நான்தான். அதை அவர் தலையில் கட்ட வேண்டாம்.

21 நவம்பர் 2024, மதியம் 2.00

திசை மாறுகிறது, பொறுத்துக்கொள்ளுங்கள்.

"நமக்கு ஆகாசவாணியே போதும்" என்று ஒருவர் எழுதியிருக்கிறார். காலை 7.15 டெல்லிச் செய்தி. எங்கள் வீட்டில் அது கடிகாரம். "ஆகாசவாணி, செய்திகள், வாசிப்பது சரோஜ் நாராயணஸ்வாமி" என்று வந்தால் அப்பா முகச்சவரத்தை முடித்திருக்க வேண்டும், நான் பள்ளிக்கூடத்துக்குச் சட்டை போட்டிருக்க வேண்டும். அவர் 2022 ஆகஸ்டில் காலமானார். அன்றைக்கு ஊர்க் குழுவில் எல்லோரும் அந்த ஒரு வரியைத்தான் எழுதினார்கள். அவர் வாசித்த ஒரு செய்தியைக்கூட யாரும் நினைவுகூரவில்லை, கவனித்தீர்களா?

அந்தக் குரலில் 'ம்ம்' கிடையாது. வியப்பு கிடையாது. பிரதமர் வெளிநாடு போனாலும் புயல் அடித்தாலும் ஒரே நிதானம், ஒரே தூரம். அவர் என்ன நினைக்கிறார் என்று கடைசி வரை நமக்குத் தெரியாது. அரசாங்க வானொலி, தெரியவும் கூடாது.

இரவில் பிபிசி தமிழோசை. சிற்றலையில் இரைச்சலுக்கு நடுவே ஊசி முனையில் பிடித்துக் கேட்க வேண்டும். இலங்கைப் போர்க்காலத்தில் அதைக் கேட்காமல் எங்கள் தெருவில் யாரும் படுக்கப் போனதில்லை. 1941 மே மாதம் தொடங்கியது, 2017 ஏப்ரல் 30உடன் வானொலியில் நின்றது. 'தி டெய்லி' தொடங்கிய அதே வருடம், மூன்றே மாத இடைவெளி. இரண்டுக்கும் சம்பந்தமில்லை. ஆனால் என் காதில் ஒன்று வெளியே போக இன்னொன்று உள்ளே வந்தது.

23 நவம்பர் 2024, மாலை 5.15

டொராண்டோ அக்கா ஒருவர் 1.5 வேகத்தில் கேட்பதாகச் சொன்னார். சனிக்கிழமை, வேலை இல்லை, நானும் முயன்றேன்.

வேகத்தைக் கூட்டினால் பார்பாரோ சாதாரண ஆளாகிவிடுகிறார்! அந்த 'ம்ம்' கோழி கொத்துவது மாதிரி கேட்கிறது. அறிமுகத்தில் "இன்று..." என்று சொல்லி ஒரு நிறுத்தம் விடுவாரே, அது காணாமல் போகிறது. வண்டர்லி குழுவின் தொடக்க இசை ஏதோ கைபேசி ரிங்டோன் ஆகிவிட்டது. தகவல் மட்டும் மிஞ்சுகிறது. தகவலை மட்டும் எடுத்து எடை போட்டால், உண்மையைச் சொல்கிறேன், ஒரு நல்ல கட்டுரையின் முக்கால்வாசிதான் இருக்கும். படித்தால் ஏழு நிமிடம்.

அப்படியானால் நான் இத்தனை வருடம் கேட்டது எதை? நிறுத்தங்களையா?

30 நவம்பர் 2024, காலை 10.20

கோவை நண்பரின் ஜால்ரா இன்னும் உறுத்திக்கொண்டிருக்கிறது. எழுதிவிடுகிறேன்.

2018இல் அதே நியூயார்க் டைம்ஸ் ஒலிப்பிரிவு 'கலிஃபேட்' என்று ஒரு தொடர் வெளியிட்டது. ஐஎஸ் இயக்கம் பற்றி ருக்மிணி கல்லிமாச்சி செய்தது. அபு ஹுஸைஃபா என்ற பெயரில் ஒரு கனடாக்காரர் வருவார். சிரியா போனேன், ஆட்களைக் கொன்றேன் என்று தன் வாயாலேயே சொல்வார். நான் இரண்டு முறை கேட்டேன். ஒலி, ஒளிபரப்புக்குத் தரும் பீபாடி விருதும் வாங்கியது. 2020 செப்டம்பரில் கனடா போலீஸ் அவரைக் கைது செய்தது, கொலை செய்ததற்காக இல்லை, புரளி கிளப்பியதற்காக. டிசம்பரில் பத்திரிகை தானே விசாரித்து, அவர் சொன்னதை நம்பியது தவறு என்று ஒப்புக்கொண்டு பீபாடி விருதைத் திருப்பிக் கொடுத்தது.

அதற்கு விளக்கம் சொல்ல ஆசிரியர் டீன் பேக்கேவைப் பேட்டி எடுத்தவர் யார்? பார்பாரோ. ஒரு வீட்டுக்குள் நடந்த தப்பை அதே வீட்டுக்காரர் விசாரிக்கிறார். அந்தத் தொடரின் தயாரிப்பில் முக்கியப் பொறுப்பில் இருந்தவர் அவருக்கு நிச்சயிக்கப்பட்ட பெண் என்பது பேட்டியில் சொல்லப்படவில்லை. அப்புறம் அமெரிக்கப் பொது வானொலியான என்பிஆர் எழுதித்தான் பலருக்குத் தெரியவந்தது.

எனக்கு அது பெரிய விஷயமில்லை. உறவுக்காரர்கள் ஒரே இடத்தில் வேலை பார்ப்பது உலகத்தில் நடக்காததா. என்னை உலுக்கியது வேறு. அந்தக் கனடாக்காரரை நான் ஏன் நம்பினேன்? தொடரிலேயே ஒரு கட்டத்தில் அவர் சொல்லும் தேதிகள் இடிக்கின்றன என்று வருகிறது. அவர்களே சொன்னார்கள். நான் கேட்டேன். கேட்டும் நம்பினேன். ஏனென்றால் தயங்கித் தயங்கிப் பேசினார், இடையில் மூச்சு விட்டார், எதிரே ஒருவர் ம்ம் கொட்டிக்கொண்டிருந்தார், எல்லாம் என் காதுக்குள்ளேயே நடந்தது. அதே ஆள் சொன்னதைத் தாளில் அச்சடித்துக் கொடுத்திருந்தால் இரண்டாம் பக்கத்தில் தேதியைப் பார்த்துச் சிவப்புக் கோடு போட்டிருப்பேன். என் தொழிலே அதுதான். டாக்டர் எழுதியது முன்பக்கத்தோடு பொருந்தவில்லை என்றால் திருப்பி அனுப்புவேன்.

வில்லுப்பாட்டு உவமையை இங்கே கொஞ்சம் திருத்த வேண்டியிருக்கிறது. கொடையில் உட்கார்ந்திருக்கிற எல்லோருக்கும் சுடலைமாடன் கதை முன்பே தெரியும். ஆமா போடுகிறவர் நடிக்கிறார் என்பதும் தெரியும். யாரும் ஏமாறுவதில்லை. செய்தியில் கதை நமக்குத் தெரியாது. நிருபர் என்ன சொல்லப் போகிறார் என்று பார்பாரோவுக்கு ஓரளவு தெரியும். நீளமாகப் பதிவு செய்ததைத்தான் வெட்டி அரை மணி நேரமாக்குகிறார்கள். ஆனாலும் அவர் முதல் முறை கேட்பது போல ம்ம் என்கிறார், நானும் அவரோடு சேர்ந்து முதல் முறை கேட்கிறேன். அந்த ம்ம்தான் என் சிவப்புப் பேனாவைப் பிடுங்கிக்கொள்கிறது.

ஆனாலும் கோவை அண்ணா, ஜால்ரா இல்லை அது. ஜால்ரா சத்தம் கேட்டால் நாம் உஷாராகிவிடுவோம். இது அதைவிடக் கெட்டிக்காரத்தனம்.

30 நவம்பர் 2024, இரவு 9.00

மேலே எழுதியதைப் படித்துவிட்டு மனைவி கேட்டாள்: "அப்போ மெக்நீல் சொன்னதையும் அதே காரணத்துக்காகத்தானே நம்புன?"

பதில் இல்லை. ஆமாம், அதே காரணம்தான். மெக்நீல் சொன்னது சரியாக இருந்தது, கனடாக்காரர் சொன்னது பொய். நான் நம்பிய விதம் இரண்டிலும் ஒன்றேதான்.

7 டிசம்பர் 2024, மதியம் 3.30

முதல் கேள்வி கேட்டவருக்காக ஒரு சோதனை செய்தேன். டிசம்பர் 2 முதல் 6 வரை 'தி டெய்லி' இல்லை. பிபிசி குளோபல் நியூஸ் மட்டும். அது வார நாட்களில் இரண்டு முறை வரும், கேப்பில் போகும்போது ஒன்று, வரும்போது ஒன்று.

வாரமும் சாதாரண வாரமில்லை. தென்கொரியாவில் அதிபர் யூன் ராணுவச் சட்டம் என்று அறிவித்தார், சில மணி நேரத்தில் நாடாளுமன்றம் அதைத் தூக்கி எறிந்தது. பிரான்சில் பிரதமர் பார்னியே அரசு கவிழ்ந்தது. சிரியாவில் கிளர்ச்சிப் படை அலெப்போவைத் தாண்டி ஹமாவுக்குள் நுழைந்தது. இது எல்லாம் எனக்கு அந்தந்த நாளே தெரிந்தது. 'தி டெய்லி'யை மட்டும் கேட்டிருந்தால் இதில் பாதிக்கு மேல், கடைசியில் வரும் அந்த "இன்று நீங்கள் தெரிந்துகொள்ள வேண்டிய மற்றவை" பகுதியில் இரண்டு வாக்கியமாகத்தான் வந்திருக்கும். உங்கள் பக்கம் நியாயம் இருக்கிறது. ஒத்துக்கொள்கிறேன். அமெரிக்கா தும்மினால் அரை மணி, உலகம் எரிந்தால் இரண்டு வாக்கியம்.

ஆனால் புதன்கிழமை நியூயார்க்கில், ஹோட்டல் வாசலில், யுனைடெட்ஹெல்த்கேர் தலைவரைச் சுட்டுக் கொன்றார்கள். தோட்டா உறைகளில் எழுதியிருந்த சொற்களில் ஒன்று 'டினை', அதாவது மறு. அந்தச் சொல் எங்கள் கட்டடத்தில் எப்படிப் பட்டது என்று வெளியே இருப்பவர்களுக்குப் புரியாது. கீழ்த்தளத்தில் ஏஆர் காலர்கள் (மருத்துவமனைக்கு வர வேண்டிய பணத்தைக் கேட்பவர்கள்) முந்நூறு பேர் இரவு முழுக்க அமெரிக்கக் காப்பீட்டு நிறுவனங்களைக் கூப்பிட்டு "ஏன் டினை செய்தீர்கள்" என்று கேட்பதுதான் வேலை. டினையல் என்ற சொல் எங்களுக்குத் தண்ணீர் மாதிரி. அன்றைக்கு டீ நேரத்தில் ஒருவரும் சத்தமாகப் பேசவில்லை. ஒரு மனிதன் செத்திருக்கிறான், ஆனால் ஏன் என்று ஒருவரும் கேட்கவுமில்லை.

பிபிசியில் அது சில நிமிடம். நேர்த்தியாகச் சொன்னார்கள். எனக்குப் போதவில்லை. அரை மணி வேண்டியிருந்தது.

14 டிசம்பர் 2024, காலை 11.40

வேண்டியிருந்தது என்றேனா, கிடைத்தது. பழைய பழக்கத்துக்குத் திரும்பி, அந்தக் கொலையைப் பற்றியும் காப்பீட்டுக் கோபத்தைப் பற்றியும் 'தி டெய்லி' பேசியதைக் கேட்டேன்.

விசித்திரம், இந்த முறை ம்ம் வேலை செய்யவில்லை. தெரிந்த துறை. அவர்கள் ஆச்சரியப்படுகிற இடத்தில் எனக்கு ஆச்சரியம் வரவில்லை, அவர்கள் கடந்துபோகிற இடத்தில் "நில்லு, நில்லு, அங்கேதான் விஷயம்" என்று கத்தலாம் போல இருந்தது. தப்பாக எதுவும் சொல்லவில்லை. ஆனால் உள்ளூர்க்காரன் உட்கார்ந்து கேட்கிற வில்லுப்பாட்டு ஆகிவிட்டது. ஏழு வருடத்தில் முதல் முறையாகப் பேனா என் கையிலேயே இருந்தது.

அப்போ மற்ற நாட்களில், உச்ச நீதிமன்றம், உக்ரைன், வட்டி விகிதம் என்று எனக்கு ஒன்றும் தெரியாத நாட்களில், அந்தந்த ஊர்க்காரன் எங்கெங்கே "நில்லு" என்று கத்தியிருப்பான்?

16 டிசம்பர் 2024, அதிகாலை 3.15

வேறு எவை கேட்கலாம் என்று கேட்டவருக்கு, சுருக்கமாக. என்பிஆரின் 'அப் ஃபர்ஸ்ட்': பதினைந்து நிமிடத்துக்குள் மூன்று செய்தி, வளவளப்பு இல்லை. கார்டியனின் 'டுடே இன் ஃபோகஸ்': 'தி டெய்லி' பாணிதான், பிரிட்டிஷ் வாடை, டீ கொஞ்சம் அதிகம். வாக்ஸின் 'டுடே, எக்ஸ்ப்ளெயின்ட்': விளையாட்டுத்தனம், எனக்கு ஒத்துவரவில்லை. எகனாமிஸ்ட்டின் 'தி இன்டெலிஜென்ஸ்': எல்லாம் எங்களுக்குத் தெரியும் என்கிற குரல், ஆனால் ஆப்பிரிக்காவைப் பற்றி அதில்தான் அதிகம் கேட்டேன். இவை எல்லாம் 2017, 18, 19இல் வரிசையாக முளைத்தவை. 'தி டெய்லி' ஓடியதைப் பார்த்து எல்லாரும் கடை போட்டார்கள்.

'தி டெய்லி'யின் இன்னொரு தொகுப்பாளர் சப்ரீனா டாவர்னீஸ் எப்படி என்று ஒருவர் கேட்டார். எனக்கு அவரைத்தான் பிடிக்கும். 2022இல் உக்ரைன் போர் தொடங்கியபோது கீவிலிருந்து பேசினார். அவரும் ம்ம் போடுவார், ஆனால் கேள்வி கேட்டுவிட்டுக் காத்திருக்கத் தெரிந்தவர்.

11 மார்ச் 2025, அதிகாலை 2.50

மூன்று மாதமாக எழுதவில்லை. ஞாயிற்றுக்கிழமை அமெரிக்காவில் கடிகாரம் மாறியது, ஷிஃப்ட் ஒரு மணி நேரம் முன்னால் வந்துவிட்டது. மதியச் சாப்பாடு செரிப்பதற்குள் கேப் வாசலில் ஹாரன் அடிக்கிறது.

புது டிரைவர் அண்ணன், செங்கல்பட்டுக்காரர், ஐம்பது வயதிருக்கும். நேற்று என் ஹெட்செட் மக்கர் பண்ணியது. கேப்பில் நான் ஒருவன்தான் இருந்தேன். "வண்டியில போட்டுக்குங்க சார், எனக்கும் போரடிக்குது" என்றார். புளூடூத்தில் போட்டேன். அவருக்கு ஆங்கிலம் அவ்வளவாக வராது. பத்து நிமிடம் கவனமாகக் கேட்டார்.

"ரெண்டு பேரு பேசுறாங்க. ஒருத்தர் விஷயம் சொல்றார். இன்னொருத்தர் ம்ம் கொட்றார்."

"ஆமாண்ணே."

"ம்ம் கொட்றவர் மேல எனக்கு நம்பிக்கை இல்ல சார். ரொம்ப ம்ம் கொட்டுனா மனசு வேற எங்கயோ இருக்குன்னு அர்த்தம். எங்க மாமனார் அப்படித்தான்."

நான் சிரித்துவிட்டேன். ஏழு வருடம் கேட்டு, நாலு மாதம் இங்கே எழுதி நான் வந்து சேர்ந்த இடத்துக்கு அவர் நாவலூர் வருவதற்குள் வந்துவிட்டார். கொஞ்ச நேரம் கழித்து வேறொரு குரல் வந்தது. ஆழமான, கனிவான குரல். அண்ணன் தலையாட்டினார்.

"இவர் பேசுறது நல்லாருக்கு. உண்மையச் சொல்ற ஆள் மாதிரி தெரியுது."

அது விளம்பரம். ஏதோ கம்பெனிக்குக் கணக்குப் பார்க்கும் மென்பொருள்.

12 மார்ச் 2025, மதியம் 1.30

அண்ணனிடம் அது விளம்பரம் என்று சொன்னீர்களா என்று மூன்று பேர் கேட்டுவிட்டீர்கள். சொன்னேன். "அதான் நல்லா பேசுறார், காசு வாங்கியிருப்பார்ல" என்றார்.

28 ஜூன் 2025, காலை 10.00

முதல் கேள்வி கேட்டவர் திரும்பி வந்து "இன்னும் கேட்கிறீர்களா" என்று விசாரித்திருக்கிறார். கேட்கிறேன். வாரத்தில் இரண்டு நாள் 'தி டெய்லி', மூன்று நாள் குளோபல் நியூஸ். சந்தா கட்டவில்லை. இப்போது ரேச்சல் ஏப்ரம்ஸ், நடாலி கிட்ரோயெஃப் என்று புதிய குரல்களும் மாறி மாறித் தொகுக்கிறார்கள்.

ஹெட்செட்டைச் சரி செய்யவில்லை. வண்டி ஸ்பீக்கரில்தான் ஓடுகிறது. டிரைவர் அண்ணன் இடையிடையே "இப்ப என்ன சொன்னார்?" என்று கேட்பார். நான் நிறுத்தி, தமிழில் சொல்வேன். சொல்லும்போதுதான் எனக்கே எங்கே புரியவில்லை என்று தெரிகிறது. சுங்க வரி பற்றிய எபிசோடில் மூன்று முறை மாட்டிக்கொண்டேன். அரை மணி எபிசோடைக் கேட்டு முடிக்க இரண்டு நாள் ஆகிறது.

நேற்று ஏப்ரம்ஸ் தொகுத்த எபிசோட். அண்ணன் நாவலூர் வரை ஒன்றும் பேசவில்லை. அப்புறம் கேட்டார்:

"அந்த ம்ம் கொட்றவர் லீவா சார்?"